சக்கரத்துக்கு மேலே உள்ள சீட்

நாற்பத்திரண்டில் நடுக்கம் ஆரம்பிக்கும், நாற்பத்தெட்டைத் தாண்டினால் அடங்கிவிடும், இடையில் இருக்கிற அந்த ஆறு கிலோமீட்டர் வேகத்துக்குள்தான் இந்த வண்டியின் எல்லா நோயும் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடி கிறீச்சிடும், முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தால் உள்ளங்கை குறுகுறுக்கும், கூரையில் தொங்குகிற கைப்பிடிகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல ஒரே பக்கமாக ஆடும். டிரைவர் மகராசன் நூல் பிடித்தாற்போல நாற்பத்தைந்தில் போய்க்கொண்டிருக்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, டீசல் மிச்சம் பிடிக்க நாற்பத்தைந்தில் ஓட்டவும் என்று கிளையில் போர்டு தொங்குகிறது. அந்த போர்டுக்குப் பெயின்ட் அடித்ததும் நான்தான். எதற்குத்தான் நான் பெயின்ட் அடிக்கவில்லை. பணிமனையில் டயர் பகுதி மெக்கானிக் தளவாய் என்றால் ஸ்பேனரோடு பிரஷ்ஷும் சேர்த்துத்தான் ஞாபகம் வரும் எல்லோருக்கும். இந்த வண்டியும் நான் அடித்ததுதான், ஏறும்போதே பார்த்துவிட்டேன், சக்கரம் வெள்ளியாய் மின்னுகிறது. பார்த்துவிட்டுத்தான் இடது பின் சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட்டில் வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஞானதிரவியம் அண்ணாச்சி. "அதிருதேவே, முன்னால காலியா இருக்கு, போவமா?" என்றார். "இல்ல அண்ணாச்சி, இங்கனயே இருப்போம்" என்றேன். சரி என்று காலை மடக்கிக்கொண்டார், ஆறடி உடம்பு, சக்கர மேட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் முழங்கால் இடிக்கிறது. இருபத்தெட்டு வருடம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்த மனிதன், சஸ்பெண்ட் ஆகி, இன்றைக்கு டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருக்கிறார். என் டிக்கெட்டையும் அவரேதான் எடுத்தார்.

பதினோரு மணிக்குக் கோட்ட அலுவலகத்தில் விசாரணை. அவரை விசாரிக்கிறார்கள், என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இருபத்து மூன்று நாளைக்கு முன்னால், காலை எட்டேகால் மணிக்கு, புளியங்காட்டு விலக்கில் அவர் ஓட்டி வந்த வண்டியின் இடது பின் சக்கரம் இரண்டும் கழன்று ஓடின. உள்சக்கரம் வாய்க்காலில் விழுந்தது. வெளிச்சக்கரம் பஸ்ஸை முந்திக்கொண்டு போனதாம், அதைத்தான் பார்த்தவர்களெல்லாம் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டார்கள், பஸ்ஸை முந்திக்கொண்டு போச்சு சார், ஆள் ஓட்டுற மாதிரி நேரா போச்சு சார் என்று. நேராகப் போய், வயர்கூடையோடு நின்ற இசக்கியம்மாளை அடித்தது. நாற்பத்தாறு வயது. தங்கச்சிக்குக் காய்ச்சல் என்று பார்க்கக் கிளம்பி நின்றவள். கூடையில் இருந்த ஆரஞ்சுப் பழம் ரோடெல்லாம் உருண்டது என்று பேப்பரில் போட்டிருந்தான், அதைப் போட்டிருக்க வேண்டாம். அதற்கப்புறம் எந்தப் பழக்கடையைத் தாண்டினாலும் தலையைத் திருப்பிக்கொள்கிறேன். இதோ ஒரு பழக்கடை போகிறது, திருப்பிக்கொண்டேன், திருப்பினால் அண்ணாச்சியின் முகம், அதையும் பார்க்க முடியவில்லை, வேறு எங்கேதான் பார்ப்பது. முன்சீட்டில் ஒரு குட்டிப்பெண், திருச்செந்தூரில் மொட்டை போட்டு வருகிறது போல, தலை முழுக்கச் சந்தனம், நாலு வயது இருக்கும். கம்பியில் வாயை வைத்து ஆ என்று இழுக்கிறாள். வண்டி அதிர அதிரக் குரல் அ அ அ அ என்று உடைந்து உடைந்து வருகிறது. அதைக் கேட்டு அவளே சிரிக்கிறாள். மறுபடி ஆ. வண்டி ஸ்டாப்பில் நின்றால் குரல் நேராகிவிடுகிறது, அவளுக்கு அது பிடிக்கவில்லை, எப்போது கிளம்பும் என்று அம்மாவைக் கேட்கிறாள்.

கை பேன்ட் பைக்குள் போய்விட்டது. வேண்டாம் என்றாலும் போகிறது. உள்ளே உடைந்த ஸ்டட் ஒன்று இருக்கிறது, சுண்டு விரல் அளவு. பிரேக் டிரம்மிலிருந்து பத்து போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும், அதில்தான் சக்கரத்தைக் கோத்து நட்டுப் போடுவோம், அதைத்தான் ஸ்டட் என்போம். பத்தும் அன்றைக்கு ஒடிந்தது. வண்டியைத் தூக்கி வரப் போனவன் நான், பத்தையும் பொறுக்கினவன் நான், ஒன்பதைப் பழைய இரும்புப் பீப்பாயில் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன், ஏன் என்று கேட்டால் தெரியாது. முறிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருக்கிறேன். முக்கால்வாசி வழவழப்பு. குளத்தில் தண்ணீர் வற்ற வற்றக் கரையில் கோடு கோடாக நிற்குமே, அந்த மாதிரி வளைவு வளைவாகக் கோடு. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சொரசொரப்பு. சொரசொரப்பு அன்று காலை எட்டேகாலுக்கு முறிந்தது. வழவழப்பு அதற்கு முன்னால் பதினோரு நாளாக, ஒருத்தருக்கும் தெரியாமல், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வந்தது. அந்தப் பதினோரு நாளும் இதே மாதிரி பஸ்ஸுக்குள் ஆட்கள் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றிருப்பார்கள். பதினோரு நாள் என்பதுதான் என்னைக் கொல்கிறது. பதினோரு நாளைக்கு முன்னால் என்ன என்று யாராவது ஒரு ஆள் கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை. பதினோரு நாளைக்கு முன்னால் ஆயுத பூஜை.

ஆயுத பூஜை என்றால் எங்கள் பணிமனையில் கல்யாண வீடு. வாழைமரம், சீரியல் பல்பு, பொரிகடலை, ஒவ்வொரு வண்டி நெற்றியிலும் சந்தனம் குங்குமம். போன வருடம் பக்கத்துக் கிளைக்காரன் சக்கரத்துக்கெல்லாம் வெள்ளிப் பெயின்ட் அடித்து போட்டோ எடுத்து அனுப்பிவிட்டான், மேனேஜருக்கு அது ஆறவில்லை. "தளவாய், இந்த வருசம் நம்ம சக்கரத்தப் பார்த்து அவன் கண்ணு கூசணும்" என்றார். பதினாலு வண்டி, மூன்று நாள். சக்கரத்தைக் கழற்றித்தான் அடிப்பேன், மாட்டியபடியே அடிக்கிறவனை எனக்குப் பிடிக்காது. கழற்றினால் கூடுதலாக ஒரு வேலை உண்டு. சக்கரமும் டிரம்மும் முகத்தோடு முகம் ஒட்டுகிற இடத்தில் பெயின்ட் படக் கூடாது, அங்கே இரும்பும் இரும்பும்தான் தொட வேண்டும், அதனால் பழைய பேப்பரை வளையமாகக் கத்தரித்து கிரீஸால் ஒட்டி மறைத்துவிட்டு அடிக்க வேண்டும். எல்லா வருடமும் அப்படித்தான் செய்தேன். இந்த வருடம் செய்யவில்லை. தெரியாமல் இல்லை, தெரிந்துதான். முதல் வண்டிக்கு வளையம் கத்தரித்தேன், இரண்டாவது வண்டிக்குக் கத்தரிக்கோலைத் தேடினேன், யாரோ தோரணம் வெட்ட எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள், சரி போகட்டும் என்று அப்படியே அடித்தேன். அடித்துப் பார்த்தால் முகம் முழுக்க வெள்ளி, ஒரு இடம் விடாமல், அவ்வளவு அழகு. அந்த அழகில் மயங்கி மற்ற வண்டிகளுக்குக் கத்தரிக்கோலைத் தேடவே இல்லை. காய்ந்ததும் காயாததுமாக மாட்டினேன். டிரம்மில் ஒரு பூச்சு, உள்சக்கரத்துக்கு இரண்டு பக்கம் இரண்டு பூச்சு, வெளிச்சக்கரத்துக்கு இரண்டு பூச்சு. நட்டை நன்றாகத்தான் முறுக்கினேன், ஏறி நின்று மிதித்து முறுக்கினேன், அதில் பொய் இல்லை. ஆனால் பெயின்ட் இரும்பு இல்லையே. பிரேக் சூட்டில் அது இளகி நசுங்கும், அதிர அதிரப் பொடியாகி வெளியே வரும், நட்டு ஒரு இம்மி கூடத் திரும்பியிருக்காது, ஆனால் பிடி போயிருக்கும். பிடி போன சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட்டைக் கொஞ்சம் வளைத்து விடும். கண்ணுக்குத் தெரியாத வளைவுதான். கிலோமீட்டருக்கு முந்நூறு சுற்று, நாளுக்கு நானூறு கிலோமீட்டர், நாளொன்றுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் தடவை, பதினோரு நாளைக்குப் பதிமூன்று லட்சத்துக்கு மேல். ஒரு மனிதனைப் பதிமூன்று லட்சம் தடவை நெட்டித் தள்ளினால் அவன் என்ன ஆவான்.

அ அ அ அ என்கிறாள் மொட்டைத் தலை. அம்மாக்காரி திரும்பி என்னைப் பார்த்து, "ஒங்களுக்குத் தொந்தரவா இருக்கா அண்ணாச்சி? சும்மா இருக்கச் சொன்னா கேக்க மாட்டங்கா" என்கிறாள். இல்லம்மா இருக்கட்டும் என்கிறேன். எதுவரைக்கும் போறிய என்று கேட்டிருக்க வேண்டாம், கேட்டுவிட்டேன். "கடசி ஸ்டாப்பு. இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கே." நாங்கள் இன்னும் கால் மணி நேரத்தில் இறங்கிவிடுவோம். ஒன்றரை மணி நேரம் என்றால் அறுபது கிலோமீட்டர், பதினெட்டாயிரம் சுற்று. இந்த வண்டி பூஜைக்கு அப்புறம் முப்பத்து நாலு நாள் ஓடியிருக்கிறது. விபத்து நடந்த அன்றைக்கே பதினாலில் மிச்சம் இருந்த பதிமூன்று வண்டியையும் நிறுத்தி நட்டெல்லாம் முறுக்கச் சொன்னார் மேனேஜர். முறுக்கினேன். அரைச் சுற்று, முக்கால் சுற்று என்று உள்ளே போயிற்று, பிடி அவ்வளவு போயிருந்தது. ஸ்பேனரால் தட்டினால் டிங் என்று கேட்டது, மேனேஜர் நிம்மதியாகப் போய்விட்டார். நட்டை இறுக்கினால் நட்டு இறுகும். ஸ்டட் பட்டது போகுமா? உள்ளே கீறல் விட்டிருந்தால் அது விட்டதுதான், இறுக்கினால் மூடிக்கொள்ளாது, இரும்புக்குப் புண் ஆறுகிற வழக்கம் கிடையாது. வளையம் ஒட்டின முதல் வண்டி போக மற்ற பன்னிரண்டுக்கும் சக்கரத்தைக் கழற்றிப் பெயின்ட்டைச் சுரண்டி ஸ்டட் அத்தனையும் புதிதாகப் போட வேண்டும். எதற்கு என்று கேட்பார்கள். எதற்கு என்று சொன்னால் அண்ணாச்சி சீட்டில் நான் உட்கார வேண்டும், அப்புறம் போலீஸ், அப்புறம் கோர்ட், அப்புறம் இன்னும் பதினாலு மாதத்தில் எனக்கு ரிடையர்மென்ட் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிற என் பெண்டாட்டி பிரம்மசக்தி. அவளிடம் மட்டும் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள், கேட்டுவிட்டு, "செத்தவ திரும்பி வரப்போறாளா? வாயத் தொறக்காம இருங்க" என்றாள். மறுநாள் அவள் தங்கச்சி ஊருக்குக் கிளம்பினபோது, பஸ்ஸுல போகாதட்டி, வேன் பிடிச்சுப் போ என்றாள். என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. அதிலிருந்து நாங்கள் ரெண்டு பேரும் பஸ்ஸைப் பற்றிப் பேசுவதே இல்லை, எங்கள் வீட்டுக்குச் சோறு போடுவதே பஸ்தான்.

சொல்லிவிடலாம். இப்போதே, இந்தச் சீட்டிலேயே, அண்ணாச்சி உங்க மேல தப்பில்ல என்று நாலு வார்த்தை. ஸ்டட்டை எடுத்து அவர் கையில் வைத்தால் கூடப் போதும், வண்டியைத் தெரிந்தவர், அவருக்கே புரிந்துவிடும். வாயைத் திறக்கிறேன். திறந்தால், "டீ குடிச்சிட்டு வந்தீங்களா அண்ணாச்சி" என்று வருகிறது. "குடிச்சேன்வே" என்கிறார். பனங்கற்கண்டு ஒரு துண்டு எடுத்து நீட்டுகிறார், எப்போதும் அவர் பையில் இருக்கும், வாயில் போட்டுக்கொள்கிறேன், இனிக்கிறது, இந்த நிலையிலும் நாக்குக்கு இனிக்கத்தான் செய்கிறது, என்ன ஜென்மம் இது. அவர் உள்ளங்கையை ஜன்னலுக்குக் கீழே தகரத்தில் வைத்திருக்கிறார். நான் கம்பியைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி அவரும் பார்க்கிறார். "இதே நடுக்கம்தான்வே" என்றார். "என்னது அண்ணாச்சி?" "என் வண்டியிலயும் இதே நடுக்கந்தான் இருந்துச்சு. கடைசி ரெண்டு நாளா. சீட்டுக்கு அடியில. எனக்குத் தெரிஞ்சுதுவே." அதை ஏன் எழுதவில்லை என்று கேட்க வேண்டியது சாட்சியின் கடமை மாதிரி எனக்குத் தோன்றியது, கேட்டேன், கேட்டபோது என் குரல் அந்தக் குழந்தையின் குரல் மாதிரி இருந்தது. டிரைவர் சாயங்காலம் வண்டியை விடும்போது குறை இருந்தால் நோட்டில் எழுத வேண்டும், எழுதினால் இரவே நாங்கள் பார்ப்போம், அதுதான் முறை. அவர் தகரத்திலிருந்து கையை எடுத்தார். "எழுதத்தான் நோட்ட எடுத்தேன். நீரு மூணு நாளு தூங்காம அடிச்சீரு. பூசையன்னிக்கு எங்கூட நின்னு, எப்படி அண்ணாச்சி ஒங்க வண்டின்னு கேட்டீரு. நான் சர்ச்சுக்குப் போறவன், அன்னிக்கு நானே என் வண்டிக்குப் பொட்டு வையுங்கன்னு சொன்னேன், அம்புட்டு அழகா இருந்துச்சு. பூசை போட்ட வண்டிய, அதுவும் நீரு அடிச்ச சக்கரத்த, பத்து நாளுக்குள்ள குறை எழுதினா ஒம்ம மனசு சங்கடப்படுமேன்னு நோட்ட மூடி வச்சிட்டேன். ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லிக்கிடலாம்னு நெனச்சேன். அந்தப் பொம்பளையக் கொன்னது நான்தான்வே. இன்னிக்கு உள்ள போயி அதத்தான் சொல்லப் போறேன். மறைச்சா ஆண்டவருக்குப் பதில் சொல்ல முடியாது."

ஐயோ அண்ணாச்சி. ஐயோ. வாயில் கற்கண்டு கரைந்துகொண்டிருக்கிறது. இந்த மனிதரை நான் என்ன செய்துவிட்டேன். இசக்கியம்மாள் செத்தது ஒன்று, அதைக் கூட எப்படியோ தினமும் விழுங்கிக்கொண்டிருந்தேன். இது இறங்கவில்லை. என் மனது நோகக் கூடாது என்று ஒரு ஆள் நோட்டை மூடியிருக்கிறார். கையைப் பையில் விட்டேன், ஸ்டட்டைப் பிடித்தேன், வெளியே எடுக்கிற அளவுக்குக் கை வந்துவிட்டது, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சுத்தியல் பிடித்த கை, ஒரு சுண்டு விரல் இரும்பைத் தூக்க அதனால் முடியவில்லை. "ஒம்ம கை ஏன்வே நடுங்குது?" என்றார். "வண்டி அதிருதுல்லா அண்ணாச்சி" என்றேன். வண்டி அப்போது எங்கள் ஸ்டாப்பில் நின்றுவிட்டிருந்தது.

இறங்கினோம். இறங்கினவன் நேரே நடந்து போக வேண்டியதுதானே, குனிந்து பார்த்தேன். பத்து நட்டில் ஏழு சுத்தம். மூன்றின் அடியிலிருந்து வெள்ளிப் பெயின்ட்டின் மேல் பழுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. துரு. நட்டுக்கு அடியில் அசைவு இருந்தால் மட்டும்தான் அப்படி வழியும். முறுக்கி இருபத்து மூன்று நாளில் மறுபடியும். முட்டியால் தட்டினேன், கைமுட்டியில் என்ன கேட்கும். எங்கள் கிளைக்குப் புதிதாக வந்த கண்டக்டர் படியில் நின்று, "பெரியவரே, என்ன தேடுதீரு? ஏதும் விழுந்துட்டா?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது. "ரெண்டு நாப்பதுக்கு இதே வண்டி திரும்பும், வீட்டுக்குப் போவணும்னா இங்கனயே நில்லும்" என்று விசில் கொடுத்தான். நான் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றிருக்கலாம். ஒரு எட்டுத்தான். வண்டி நகர்ந்தது, கண்ணாடிக்குப் பின்னால் சந்தனத் தலை போனது, முதல் கியர், இரண்டாவது கியர், மூன்றாவது. கடையைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி வேகம் பிடித்தது. இப்போது முப்பத்தைந்து இருக்கும், இப்போது நாற்பது, இப்போது அவள் கம்பியில் வாயை வைத்திருப்பாள்.

என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். மின்விசிறிக்குக் கீழே ஒரு அதிகாரி, பக்கத்தில் டைப் அடிக்கிற அம்மா. "வீலக் கழட்டி மாட்டினது நீங்கதான?" ஆமா சார். "நட்டெல்லாம் சரியா முறுக்கினீங்களா?" "முறுக்கினேன் சார்." உண்மைதான். இதைவிட உண்மையான பதிலை என் வாழ்நாளில் சொன்னதில்லை. "வேற ஏதாவது சொல்லணுமா?" மின்விசிறி ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது, மேலே அதைக் கோத்திருக்கிற போல்ட் தேய்ந்திருக்க வேண்டும், அதைச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன், அதைக்கூடச் சொல்லவில்லை. இல்ல சார் என்று கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தால் அண்ணாச்சி எழுந்து நின்று சட்டையைச் சரி செய்துகொண்டிருந்தார். "என்ன கேட்டாக?" "நட்ட முறுக்கினியான்னு கேட்டாக." "முறுக்கியிருப்பீரே, எனக்குத் தெரியாதா? நீரு பயப்படாதயும்" என்று என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. ரோட்டைப் பார்த்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று, உள்ளே அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார், டைப் அடிக்கிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. இரண்டரைக்கு எழுந்து ரோட்டோரம் போய் நின்றேன். பாலத்தைத் தாண்டி லாரி வந்தது, மினி பஸ் வந்தது, ஆட்டோ வந்தது. இரண்டு நாற்பது ஆயிற்று. பைக்குள் ஸ்டட் என் சூட்டில் சூடாகியிருந்தது. இரண்டு ஐம்பது ஆயிற்று. பக்கத்தில் நின்றவரிடம் அந்த வண்டி ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டேன். அது என்றைக்குமே பத்துப் பதினைந்து நிமிடம் பிந்தித்தான் வரும் என்றார்.